அதிர்ந்தால் அது நல்ல சத்தமா?

ஹோம் தியேட்டர் வாங்கப் போகிற எங்கட ஆட்கள் கடையில் கேட்கிற கேள்விகள் இரண்டுதான். "எத்தனை வோட்ஸ்?" "நல்லா அதிருமா?" வசனம் விளங்குமா என்று ஒருத்தரும் கேட்பதில்லை. கடைக்காரரும் பெட்டியில் கொட்டை எழுத்தில் கிடக்கிற பிஎம்பிஓ இலக்கத்தைக் காட்டி விற்றுவிடுகிறார்.

பிஎம்பிஓ சுத்தப் பேய்க்காட்டல். அதை அளப்பதற்கு எல்லாரும் ஒத்துக்கொண்ட முறை ஒன்றே கிடையாது. பார்க்க வேண்டியது ஆர்எம்எஸ். அதிலும் வோட்ஸ் இரட்டிப்பானால் சத்தம் இரட்டிப்பாகாது, 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற ஏறத்தாழப் பத்து மடங்கு வோட்ஸ் வேண்டும். அப்ப 50 வோட்ஸை விட்டு 100 வோட்ஸுக்குக் கூடுதலாகத் தவணை கட்டி என்ன கண்டோம்?

வாங்கிவந்து வைக்கிற விதம் அதைவிட மோசம். ஐந்து ஸ்பீக்கரும் ஷோகேசுக்கு மேல் வரிசையாக, இடையில் பிளாஸ்டிக் பூச்சாடி! எல்லாச் சத்தமும் ஒரே பக்கமிருந்து வருவதற்கு ஐந்து எதற்கு? முன் ஸ்பீக்கர் இரண்டும் இருந்து பார்ப்பவரின் காது உயரத்தில், நேர்முன்னிலிருந்து இடமும் வலமும் 30 பாகையில் இருக்க வேணும். நடு ஸ்பீக்கர் ரீவிக்குக் கீழே, முகத்தைப் பார்த்தபடி. மற்ற இரண்டும் 100 முதல் 120 பாகைக்குள், அதாவது காதுக்குச் சற்றுப் பின்னே பக்கவாட்டில். இது எங்கட கண்டுபிடிப்பில்லை, சர்வதேச நியமம். சுற்றியிருக்கிற சனத்துக்கும் சத்தத்துக்குமான உறவு எங்களுக்குப் புதினமுமில்லை. வட்டக்களரியில் கூத்தர் நாலு பக்கமும் கிறுகிக் கிறுகிப் பாடுவதைப் பார்த்த ஊர் இது.

வூஃபரை மூலைக்குள் தள்ளினால் பேஸ் கூடும்தான். ஆனால் கும்மென்று குழம்பும். ஒரு தரம் அதை நீங்கள் இருக்கிற கதிரையில் வைத்துப் பாட்டைப் போட்டுவிட்டு, சுவரோரமாக முழங்காலில் ஊர்ந்து பாருங்கள். பேஸ் எங்கே தெளிவாகக் கேட்குதோ, வூஃபருக்கு இடம் அதுதான். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். மாபிள் தரை, சீமெந்துச் சுவர், கண்ணாடி யன்னல் என்று இருக்கிற அறையில் சத்தம் துள்ளித் துள்ளித் திரும்பும். அதற்குப் புது அம்ப்ளிஃபயர் மருந்தில்லை. தடித்த திரைச்சீலையும் ஒரு கம்பளமும் போதும். சிவப்பு, கறுப்பு வயர் ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறியிருந்தாலும் பேஸ் மெலிந்துபோகும். அதையும் ஒருக்காப் பார்த்துவிடுங்கள்.

40 ஹேர்ட்ஸ் அலையின் நீளம் எட்டு மீற்றருக்கு மேல். செங்கல் சுவர் அதைப் பெரிதாக மறிக்காது. ஓ.எல். சோதனைக்குப் படிக்கிற பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் படமும் இல்லை, பாட்டும் இல்லை, உங்கட "டும் டும்" மட்டும் போய்ச்சேரும். உள்ளுக்கு இருக்கிற அம்மம்மாவுக்கோ பேஸ் வசனத்தை மூடுவதால் கதை விளங்காது. "அவவுக்குக் காது மந்தம்" என்று சொல்லிப்போட்டு வொல்யூமை இன்னும் கூட்டுவோம். மந்தம் அவட காதில் இல்லை. நடு ஸ்பீக்கர் பூச்சாடிக்குப் பின்னால் கிடக்கு.

படம் என்றால் அதிரத்தான் வேணும் என்று எங்கட நண்பர்களே சண்டைக்கு வருவார்கள். வெடி அதிரட்டும், ஆர் வேணாம் என்றது? ஆனால் 2019இல் வந்த 'ஒத்த செருப்பு சைஸ் 7' படத்தை அதே செட்டில் போட்டுப் பாருங்கள். திரையில் பார்த்திபன் ஒருவர்தான். மற்றப் பாத்திரங்கள் எல்லாம் வெறும் குரல். அதன் ஒலிக்கலவைக்கு ரசூல் பூக்குட்டிக்குத் தேசிய விருது கிடைத்தது. பேஸை முழுக்கத் திருகிவைத்த வீட்டில் அந்தப் படத்தில் பாதிப் பேர் செத்துப்போவார்கள்.

பழைய யாழின் சுருதிகளைக் கணக்குப் போட்டுத் தேடி 1947இல் 'யாழ் நூல்' தந்த விபுலானந்த அடிகளின் சமாதி கல்லடியில்தான் இருக்கு. அங்கேயே, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணிக்குள் விட்டு மறுமுனையில் காதை வைத்து மீன் பாடுவதைக் கேட்டிருக்கிறார்கள். அதே வாவிக்கரையில் நாங்கள் வோட்ஸ் கேட்கிறோம்.

இனிக் கடைக்குப் போகும்போது அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். கடைக்காரர் சண்டைக் காட்சிதான் போட்டுக் காட்டுவார். நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டு பேர் மெதுவாகக் கதைக்கிற காட்சியைப் போடச் சொல்லி, என்ன கதைத்தார்கள் என்று அவவிடம் கேளுங்கள்.