அவசரப்படாதே, தம்பி!

புதிய ரேடியோ கார் வீட்டுக்கு வந்துவிட்டது. கல்லிலும் மண்ணிலும் ஓடும் கார். பையனுக்குக் கை பரபரக்கிறது. "இப்பவே ஓட்டணும்" என்கிறான்.

பெற்றோர் இதற்கு இடம் கொடுக்கக்கூடாது!

1984-ம் ஆண்டு ஜப்பானின் டாமியா நிறுவனம் "கிராஸ்ஹாப்பர்" என்ற காரை வெளியிட்டது. அது தனித்தனிப் பாகங்களாக வந்தது. வாங்கியவர்களே திருகாணி முடுக்கிப் பூட்டினார்கள். காரின் ஒவ்வொரு உறுப்பும் அவர்களுக்குத் தெரிந்தது.

இன்று பல கார்கள் பூட்டியபடியே வருகின்றன. அதனால் சோதிக்காமல் ஓட்டிவிடலாமா? கூடாது.

சக்கர நட்டுகளை முடுக்கிப் பார்க்க வேண்டும். லித்தியம் பாலிமர் பாட்டரியானால், அதற்குரிய சார்ஜரில், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போதுதான் சார்ஜ் செய்ய வேண்டும். தவறினால் தீப்பிடிக்கலாம்.

சக்கரம் தரையில் படாதபடி காரைத் தூக்கி வைக்க வேண்டும். முதலில் கையில் உள்ள கருவியின் சுவிட்சைப் போட வேண்டும், பிறகுதான் கார். நிறுத்தும்போது முதலில் கார், பிறகு கருவி. முறை மாறினால் கார் தறிகெட்டு ஓடக்கூடும்.

இதற்கு அரை மணி நேரம் போதும். அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்தால், கார் மட்டுமா ஓடும்? பிள்ளையின் மூளையும் ஓடும்!