முன்விளக்கு எரியாவிட்டால் முதலில் எதைப் பார்ப்பது?



உழைத்துத் தந்தவரை யுத்தத்தில் இழந்த பின்னர் வாகனம் ஓட்டிக் குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் இன்று நம்மிடையே இருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருத்தி. பழைய வான் ஒன்றில் காலையில் பாடசாலைப் பிள்ளைகளையும், பின்னர் கிளினிக்குக்குப் போகும் நோயாளரையும் ஏற்றி இறக்குகிறேன்.

வன்னி வீதிகளில் இரவில் மாடுகள் நடுவீதியிலே படுத்துக் கிடக்கும். ஒரு விளக்கு மட்டும் எரிந்தால், எதிரே வருபவர் நம்மை மோட்டார் சைக்கிள் என்று நினைத்து ஒதுங்காமல் வந்துவிடுவார். ஆகவே முன்விளக்குப் பழுதானால் இருட்டில் ஓட முடியாது. ஓடாவிட்டால் வருமானம் இல்லை. பழுது எங்கே என்று நாமே ஓரளவு கண்டுபிடித்துக்கொண்டால் வீண்செலவைத் தவிர்க்கலாம்.

இது நமக்குப் புதிய வித்தையல்ல. 1990களில் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். சைக்கிள் விளக்குக்கு டைனமோவிலிருந்து ஒரு வயர்தான் போகும். மின்சாரம் திரும்பி வருவது சைக்கிளின் இரும்புச் சட்டம் வழியாக. வாகனமும் அப்படித்தான். பற்றரியிலிருந்து பியூஸ், சுவிச், பல்ப் என்று போகும் மின்சாரம் வாகனத்தின் உடம்பு வழியாகப் பற்றரியின் மறை முனைக்குத் திரும்புகிறது. இந்தத் திரும்பும் பாதையைத்தான் 'ஏர்த்' என்கிறோம். போகும் பாதையை எல்லோரும் பார்ப்பார்கள். திரும்பும் பாதையைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

முதலில், எது எரிகிறது, எது எரியவில்லை என்று கவனியுங்கள். பழைய வாகனங்களில் பெரும்பாலும் எச்4 என்ற பல்ப் இருக்கும். அதனுள் டிம் வெளிச்சத்துக்கு 55 வாற், தூர வெளிச்சத்துக்கு 60 வாற் என இரண்டு இழைகள் உண்டு. ஒரு பக்கத்தில் டிம் மட்டும் எரியாவிட்டால் அந்த இழை அறுந்திருக்கும். ஒரு பக்கத்தில் இரண்டுமே இல்லையென்றால் அந்தப் பக்கத்துப் பியூஸ், பிளக், ஏர்த் ஆகியவற்றைப் பாருங்கள். இரு பக்கமும் ஒன்றுமே எரியாவிட்டால் பொதுப் பியூஸ், றிலே, சுவிச் ஆகியவற்றில் தேட வேண்டும். இரு பக்கமும் டிம் மட்டும் இல்லையென்றால், ஒரு பல்ப் முன்னரே போயிருந்து நாம் கவனிக்காமல் விட்டிருக்கவும் கூடும்.

அடுத்து, இடது வலது பல்புகளை மாற்றிப் போட்டுப் பாருங்கள். பழுது பல்போடு கூடவே போனால் குற்றம் பல்பில். பழுது அதே பக்கத்தில் நின்றால் பல்ப் நல்லது.

பியூஸைப் பார்க்க ஒரு சோதனை விளக்குப் போதும். 12 வோல்ற், 5 வாற் பார்க் லைற் பல்ப் ஒன்றில் இரண்டு வயர் பொருத்தினால் விளக்குத் தயார். ஒரு வயரைப் பற்றரியின் மறை முனையில் பிடித்து, முன்விளக்கு சுவிச்சைப் போட்டுவிட்டு, மற்ற வயரால் பியூஸின் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளையும் தொடுங்கள். இரண்டிலும் எரிந்தால் பியூஸ் நல்லது. ஒன்றில் மட்டும் எரிந்தால் பியூஸ் உருகிவிட்டது.

என் வானில் இடது விளக்கு மங்கலாக எரிந்தது. சிக்னல் போட்டால் பார்க் லைற்றும் சேர்ந்து மினுங்கியது. ஒரு கராஜில் முழு வயரிங்கையும் மாற்ற வேண்டும் என்று பெருந்தொகை கேட்டார்கள். நான் தடித்த வயர் ஒன்றின் ஒரு முனையைப் பற்றரியின் மறை முனையிலும், மற்ற முனையை விளக்குக்குப் பின்னால் ஏர்த் வயர் பூட்டியிருந்த வளையத்திலும் பிடித்தேன். உடனே வெளிச்சம் பளிச்சென்று வந்தது. ஆணியடியில் கறள் பிடித்திருந்தது. கழற்றி, அரத்தாளால் தேய்த்து, இறுக்கிப் பூட்டினேன். அரத்தாளின் விலைதான் செலவு. வோல்ற் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே வெளிச்சம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். அதனால்தான் சிறு கறளும் கண்ணை மறைக்கிறது.

சில எச்சரிக்கைகள்:

வேலை தொடங்குமுன் வளையல், மோதிரத்தைக் கழற்றி வையுங்கள். பற்றரியின் இரு முனைகளுக்கிடையே பட்டால் பொன் நகை நொடியில் கொதித்துத் தோலைச் சுட்டுவிடும்.

பல்பின் கண்ணாடியை வெறுங்கையால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய்ப்பசை பட்ட இடம் அதிகம் சூடேறி பல்ப் விரைவில் போய்விடும்.

10 அம்பியர் பியூஸ் இருந்த இடத்தில் 20 அம்பியர் போடாதீர்கள். சிகரெட் தாள் சுற்றவே வேண்டாம். பியூஸ் உருகாவிட்டால் வயர் எரியும். புதுப் பியூஸும் உடனே உருகினால், எங்கோ வயர் உரசுகிறது அல்லது எலி கடித்திருக்கிறது என்று பொருள்.

சில ஜப்பான் வாகனங்களில் சுவிச் திரும்பும் பாதையில் இருக்கும். ஆகவே பிளக்குக்குள் நேரடியாக வயர் செருக வேண்டாம். உயர் வோல்ற்றில் இயங்கும் செனொன் விளக்கையும், ஹைபிரிட் வாகனத்தின் செம்மஞ்சள் நிற வயரையும் தொடாதீர்கள். அவை பயிற்சி பெற்றவரின் வேலை.

நீங்களே திருத்த முடியாமற் போனாலும் பரவாயில்லை. "பல்ப் நல்லது, பியூஸ் நல்லது, ஏர்த்தைப் பாருங்கள்" என்று கராஜில் சொல்லிப் பாருங்கள், சகோதரிகளே. பேசும் விதமும் கேட்கும் தொகையும் மாறுவதை நான் கண்டிருக்கிறேன்.

அடுத்த மாதம் பற்றரியைப் பராமரிப்பது பற்றிப் பார்ப்போம்.