மறவாத இயந்திரமும் மறக்கப்பட்ட மாணவனும்

இலவசக் கல்வி இந்நாட்டில் 1945இல் நடைமுறைக்கு வந்தது. 1952இல் பல்கலைக்கழகம் பேராதனைக்கு இடம்பெயர்ந்தபோது, செல்வர் வீட்டுப் பிள்ளையும் ஏழைத் தொழிலாளியின் பிள்ளையும் ஒரே மேசையில் ஒரே நூலை விரிக்கலாம் என்ற நம்பிக்கை வேரூன்றியது. இன்று அந்நூலின் இடத்தைக் கடவுச்சொல்லாற் பூட்டப்பட்ட இணையப் பக்கம் பெரிதும் பிடித்துக்கொண்டது. 2020இன் பெருந்தொற்றுக் காலத்தில் விரிவுரைகளே அப்பூட்டுக்குப் பின்னால் நிகழ்ந்தன. பாடக்குறிப்பும் ஒப்படையும் இன்றும் அங்கேயே உள்ளன. ஆகவே, அப்பூட்டைத் திறக்கும் முறை பற்றிய வினா, கல்விச் சமத்துவம் பற்றிய வினாவேயாகும்.

உலாவி கடவுச்சொல்லைச் சேமித்து வைத்துத் தானாகவே உள்நுழையும் வசதி குறித்து இரு சாரார் உளர். சேமிப்பதே குற்றம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை சொல்லை மாற்றுக என்று விதிப்போர் ஒரு சாரார். எந்தக் கணினியாயினும் சேமித்துவிட்டு எழுந்து செல்வோர் மறுசாரார். இரு சாராரும் தவறுகின்றனர்.

முதற் சாராரின் விதிக்கு அறிவியலின் ஆதரவு இல்லை. அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட், காரணமின்றிக் காலந்தோறும் கடவுச்சொல்லை மாற்றுமாறு கேட்கலாகாது என்றும், கடவுச்சொற் காப்பகங்களின் பயன்பாட்டுக்கு இடமளிக்க வேண்டும் என்றும் 2017இல் வழிகாட்டியது. பழைய விதிகளை எழுதிய பில் பர் என்பவரே அவ்வாண்டில் அவற்றுக்காக வருந்தினார். இருபது சொற்களை மனனஞ் செய்யுமாறு பணித்தால், மனிதன் எளிய சொல் ஒன்றை இருபது இடங்களிலும் எழுதுவான். ஓரிடத்தில் அது களவு போயின் இருபது இடங்களும் திறந்துவிடும். சொந்தக் கணினியில், திரைப்பூட்டின் காவலில், நீண்ட சொல்லைச் சேமித்தல் அறிவுடைமையே.

பொதுக் கணினியின் நிலை வேறு. அங்கு பலவேளைகளில் எல்லோரும் ஒரே கணக்கில் நுழைகின்றனர். முன்னவர் சேமித்த சொல்லைக் கொண்டு உலாவி பின்னவரை உள்ளே அனுப்பிவிடும். அக்கணக்கின் சொல்லை அறிந்தவர், சேமிக்கப்பட்டவற்றை அமைப்புப் பக்கத்தில் எழுத்தெழுத்தாக வாசிக்கவும் இயலும். சொல்லைச் சேமிக்காவிடினும் ஆபத்து நீங்குவதில்லை. 1994இல் நெற்ஸ்கேப் உலாவிக்காக லூ மொன்ருல்லி வகுத்த ‘குக்கி’ என்னும் சிறு குறிப்பு, நுழைந்தவரின் அடையாளத்தை ஏந்தி நிற்கும். சாளரத்தை மூடுவதால் மட்டும் அது எப்போதும் அழிவதில்லை. வெளியேறும் பொத்தானை அழுத்தாதவர், தம் கையொப்பத்தை மேசையில் விட்டுச் சென்றவராவார். அக்கையொப்பத்தால் பிறர் ஒப்படையை மாற்றலாம், அவர் பெயரில் மடல் எழுதலாம்.

“கவனமின்மைக்கு மாணவனே பொறுப்பு” என்பார் உளர். இக்கூற்றை ஏற்பதற்கில்லை. மடிக்கணினி உடையவனுக்குத் தானியங்கி நுழைவு வசதியாகிறது. அது இல்லாதவனுக்கு அதே நுழைவு பொறியாகிறது. ஒரே மறதிக்கு ஒருவன் எதையும் இழப்பதில்லை, மற்றவன் தன் பெயரையே இழக்கிறான். வறுமைக்கு இவ்வாறு தண்டம் விதிப்பது எவ்வகை நீதி?

பரிகாரம் அரிதன்று. பொதுக் கணினிகளில் சேமிக்கும் வசதியையே நிறுத்திவிடலாம். உலாவி எப்போதும் விருந்தினர் முறையிலேயே திறக்குமாறும், ஒருவர் எழுந்து சென்றதும் தடயம் யாவும் அழியுமாறும் அமைக்கலாம். இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. பொறுப்பாளர் ஒருவரின் ஒருநாள் உழைப்பே பெரும்பாலும் போதும். அவ்வுழைப்பைச் செய்யாது, சுவரில் எச்சரிக்கைத் தாள் ஒட்டுவதுடன் கடமை முடிந்தது எனக் கருதும் நிருவாகம், எந்த நிறுவனத்ததாயினும், கண்டனத்துக்குரியது.

நூலகத்தின் வாசல் யாவர்க்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும் என்பதே இலவசக் கல்வியின் உயிர்நாடி. வாசல் இணையத்துக்கு மாறியதால் அவ்வறம் மாறிவிடவில்லை. மாணவர் வெளியேறும் பொத்தானை அழுத்தப் பழகுக. அதனினும் முன்பாக, நிறுவனங்கள் மறக்கத் தெரிந்த இயந்திரங்களை மாணவர் முன் வைக்குக!