அர்ப்பணிப்புக்கு ஆறாயிரம் ரூபாய்

சென்ற இதழில் இலங்கை மலையகத்து ஆசிரியர்கள், தாதியர், பிள்ளைக்காம்பரா என்ற தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தின் ஆயாக்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே மூச்சில் உபதேசம் செய்திருக்கும் கட்டுரையாளர், தன் பெயருக்குப் பின்னால் கல்விமாணி, கல்வி முதுமாணி என்று இரண்டு பட்டங்களை மறக்காமல் போட்டிருக்கிறார். கட்டுரையின் சாரமோ, பிறருக்கு உதவும் தொழிலில் இருப்பவர்களுக்கு மேற்பயிற்சி ஓர் ஆடம்பரம், நல்ல மனசும் அர்ப்பணிப்பும் இருந்தால் போதும் என்பது. போதுமென்றால் அந்த இரண்டு பட்டங்களுக்கும் அங்கே என்ன வேலை? தான் ஏறி முடித்த ஏணியைப் பிறர் காலுக்கு ஆகாது என்று சொல்வதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும். அது அவருக்கு ஏராளமாக வாய்த்திருக்கிறது. தர்க்கம் அந்த அளவுக்கு வாய்க்கவில்லை.

முதலில் அவருடைய பொற்காலத்தை எடுத்துக்கொள்வோம். ஒற்றை அறைத் தோட்டப் பாடசாலையில், பயிற்சி என்ற சொல்லையே கேள்விப்படாத ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்புகளையும் தனியாளாக மேய்த்து ஒரு தலைமுறையைக் கரைசேர்த்தார் என்று உருகுகிறார். எந்தக் கரையில் என்பதைச் சொல்லவில்லை. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டமும் 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பைத் தோட்டத் துரைமார் தலையில் கட்டின. துரைமார் அதை எவ்வளவு மலிவாக முடிக்கலாமோ அவ்வளவு மலிவாக முடித்தார்கள். 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி நாட்டுக்கெல்லாம் வந்தபோதும் தோட்டப் பாடசாலை அதன் வாசலுக்கு வெளியேதான் நின்றது. எழுபதுகளில் தோட்டங்கள் தேசியமயமான பிறகே அரசாங்கம் அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுப்பேற்கத் தொடங்கியது. பயிற்சி பெற்ற ஆசிரியர் அன்று கிடைக்காமற் போனதற்குக் காரணம், அர்ப்பணிப்பே போதுமென்று யாரோ ஞானத்தால் தீர்மானித்தது அல்ல. பயிற்சி பெற்றவருக்குச் சம்பளம் கூட என்பதுதான். அந்தக் கஞ்சத்தனத்தை எடுத்து, சந்தனம் பூசி, இலட்சியம் என்று கட்டுரையாளர் இப்போது கும்பிடச் சொல்கிறார்.

அந்தப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்போடு நின்று கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டவர்களை அவர் கணக்கில் சேர்க்கவே இல்லை. சேர்க்க முடியாது, அவர்கள் கட்டுரை எழுதுவதில்லை. தப்பி வந்த நாலு பேரின் நன்றியுரையை வைத்துக்கொண்டு, தப்பாமற் போனவர்களின் பள்ளிக்கூடத்துக்கு நற்சான்றிதழ் எழுதுவது என்ன வகை ஆராய்ச்சி? வேடிக்கை என்னவென்றால், மலையக எழுச்சிக்கு அவரே எடுத்துக்காட்டும் இர. சிவலிங்கம் ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரியில் கற்பித்த பட்டதாரி. சொந்தச் சாட்சியே எதிர்த்தரப்புக்குப் பேசுவதைக்கூடக் கவனிக்காதவரிடம் குறுக்கு விசாரணை செய்ய நமக்கு என்ன மிச்சமிருக்கிறது?

அடுத்தது மனசு. பிள்ளைக்காம்பரா ஆயாவுக்கு டிப்ளோமா எதற்கு, குழந்தையைத் தன் குழந்தையாக நினைத்தால் போதாதா என்று கேட்கிறார். வாசிக்கும்போது கண் கலங்கும் கேள்விதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளினிக் கொப்பியைத் திறந்து பார்ப்போம். ஒரு பெண் குழந்தை. ஒன்பதாம் மாதம் நிறை 7.8 கிலோ. பத்தாம் மாதம் 7.8. பதினோராம் மாதமும் 7.8. மூன்று புள்ளியும் வரைபின் பச்சைப் பகுதிக்குள்ளேயே விழுகின்றன. அன்பு மட்டும் உள்ள ஆயா பச்சையைப் பார்த்து, பிள்ளை நல்லா இருக்கு என்று தாயிடம் கொடுத்து அனுப்புவார். பயிற்சி பெற்றவர் நிறத்தைப் பார்ப்பதில்லை, கோட்டைப் பார்க்கிறார்: ஏற வேண்டிய கோடு இரண்டு மாதமாகப் படுத்துக் கிடக்கிறது. உடனே அவருக்குக் கேள்விகள் வருகின்றன. அம்மா மலைக்குப் போன பிறகு என்ன கொடுக்கிறார்கள், கஞ்சித் தண்ணீரா பிசைந்த சோறா, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, இடையில் வயிற்றோட்டம் இருந்ததா, பால் நின்றுவிட்டதா? கோடு பச்சையை விட்டுக் கீழே இறங்கும் நாள் வரைக்கும் காத்திருந்தால் பாதி அநியாயம் முடிந்திருக்கும். இரண்டு ஆயாக்களுக்கும் மனசு ஒன்றுதான். குழந்தைக்குக் கிடைப்பது ஒன்றல்ல.

2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வு சொல்வதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதற்கும் 17.3 வீதம்; தோட்டப்புறத்தில் 31.7 வீதம். இந்த இடைவெளி தோட்டத்துத் தாய்மாருக்கும் ஆயாமாருக்கும் அன்பு குறைந்ததால் வந்ததா? வறுமைக்கும் லயக் குடியிருப்புக்கும் தண்ணீருக்கும் இதில் உள்ள பங்கை நான் மறைக்கவில்லை. பயிற்சி பெற்ற ஓர் ஆயா வந்தால் கூலி கூடிவிடாது. ஆனால் கூலி கூடும்வரை அந்தக் கோட்டைக் கவனிக்கவாவது ஒருத்தர் வேண்டாமா?

மனசே போதும் என்பவர்கள் வேலூருக்கு ஒரு தடவை போய்வர வேண்டும். ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்கப் பெண் திண்டிவனத்தில் தன் பெற்றோருடன் தங்கியிருந்தபோது, ஒரே இரவில் மூன்று கணவர்கள் தனித்தனியாக வந்து பிரசவ வேதனையில் கிடந்த மனைவிமாரைப் பார்க்க அழைத்தார்கள். ஐடாவின் தந்தை மருத்துவர். ஆண் என்பதால் அவர் வேண்டாம் என்றார்கள். ஐடாவுக்கு மனசு இருந்தது, மருத்துவம் தெரியாது. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதன் பிறகு அந்தப் பெண் என்ன செய்தார்? திண்ணையில் உட்கார்ந்து அர்ப்பணிப்பைப் பற்றிக் கட்டுரை எழுதவில்லை. கடல் கடந்து போய், 1899இல் கோர்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றுத் திரும்பினார். வேலூரில் 1909இல் தாதியர் பள்ளியையும் 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். இலட்சியம் அவரைப் படிக்க அனுப்பியது. இலட்சியமும் பயிற்சியும் சக்களத்திகள் என்ற கண்டுபிடிப்பு நம் கட்டுரையாளருக்கே சொந்தம்.

சரி, மூன்றாவது வாதம், அவருடைய பிரம்மாஸ்திரம்: படிக்கவைத்தால் போய்விடுவார்கள். டிப்ளோமா கையில் வந்ததும் கண்டிக்கும் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் பறந்துவிடுவார்களாம். ஆகவே பறக்காமலிருக்கச் சிறகை முளைக்கவிடாதே என்கிறார். இதை நோட்டன் பிரிட்ஜில் உட்கார்ந்து வாசிக்கும்போது சிரிப்பை அடக்க முடியவில்லை. இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து வெளியே போகாதது எது? 1950இல் லக்சபான மின்நிலையம் ஓடத் தொடங்கியது. மின்சாரம் கொழும்புக்குப் போனது, கம்பிகளுக்குக் கீழே லயங்களில் வெகுகாலம் குப்பி விளக்கு எரிந்தது. தேயிலை ஹட்டன் வழியாக ரயிலேறிப் போனது. அவை போனதற்கெல்லாம் கண்ணீர் வடிக்காதவர்கள், ஒரு தொழிலாளியின் மகள் டிப்ளோமாவோடு பஸ் ஏறும்போது மட்டும் பிராந்தியப் பற்றில் விம்முவது ஏன்?

அதே மின்சாரத்தைப் பற்றி இன்னொன்று. நோட்டன் பிரிட்ஜ் மின்நிலையத்துக்கு விமலசுரேந்திரவின் பெயரை வைத்திருக்கிறார்கள். லக்சபானத் திட்டத்தை 1918இலேயே முன்வைத்த பொறியியலாளர் அவர். நாட்டுப்பற்றை நெஞ்சில் ஏந்தி ஆற்றின் நடுவே நின்றால் டர்பைன் சுற்றாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அணைக்கட்டுக்குப் பொறியியலாளர் வேண்டும், அதுவும் நன்றாகப் படித்தவர் வேண்டும் என்பதில் கட்டுரையாளருக்கும் சந்தேகம் இருக்காது. அணை உடைந்தால் கீழே இருப்பவர்கள் போய்விடுவார்களே. அணைக்கு மேலே, தோட்டத்து இரண்டாம் வகுப்பில், எழுத்தைப் பார்த்து அச்சொட்டாகப் பிரதிபண்ணும், ஆனால் ஒரு சொல்லைக்கூட வாசிக்கத் தெரியாத பிள்ளை இருக்கிறதே, அது உடைந்தால் சத்தம் கேட்காது. ஆகவே அதற்கு மனசு போதும்.

போய்விடுவார்கள் என்ற கவலை உண்மையானால் அதை வைத்தியர்களிடமிருந்தல்லவா தொடங்கியிருக்க வேண்டும்? கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் 1980 முதல் விசேட நிபுணர்களை உருவாக்குகிறது; பயிற்சியின் ஒரு பகுதிக்கு அவர்களை வெளிநாட்டுக்கே அனுப்புகிறது; சிலர் திரும்புவதில்லை; 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு போனவர்களின் வரிசை இன்னும் நீண்டது. அந்த நிறுவகத்தை இழுத்து மூடுங்கள், இருதய சத்திரசிகிச்சைக்கு அர்ப்பணிப்பே போதும் என்று எந்த இதழில் யார் எழுதினார்? அங்கே பிணை முறி, சம்பளம், விடுதி, கொடுப்பனவு என்று பேசுகிறார்கள். ஆள் போனால் ஆளைத் தங்கவைக்கும் வழியைத் தேடுவது கொழும்பின் நியாயம். ஆள் போவான் என்று படிப்பையே மறுப்பது தோட்டத்துக்கு ஒதுக்கிய நியாயம். படிப்பு முடித்தவர் தங்காததற்குக் குடியிருக்க விடுதி இல்லாதது, கடைசி பஸ் பொழுதுசாய முன்னரே போய்விடுவது, இங்கேயே இருந்தால் பதவியில் மேலே போக வழியில்லாதது எல்லாம் காரணமாக இருக்கலாம் என்ற எண்ணம் ஒரு முதுமாணிக்கு ஏன் தோன்றவில்லை? பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர்களை உருவாக்கவென்றே ஜெர்மன் உதவியுடன் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. அங்கே படித்து வெளியேறி இன்றைக்கும் இதே மலைகளில் சோக்கட்டி பிடித்துக்கொண்டிருப்பவர்களைப் பற்றி அவர் ஒரு வரி எழுதவில்லை. இருப்பவர்கள் கண்ணில் படாமல் போனவர்கள் மட்டும் படுவது பார்வைக் கோளாறா, தேவைக் கோளாறா?

தேவை என்றதும் காசு வருகிறது. 2015ஆம் ஆண்டளவில் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு உயர்தரம் சித்தியடைந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இளைஞர் யுவதிகளை ஆசிரியர் உதவியாளர்கள் என்ற பெயரில் எடுத்தார்கள். மாதக் கொடுப்பனவு ஆறாயிரம் ரூபாய். அப்போது நடைமுறையிலிருந்த 2013ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தின்படி, வரவுக் கொடுப்பனவு எல்லாம் சேர்த்துத் தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 620 ரூபாய். அதாவது, தாய் பத்து நாள் கொழுந்து பறித்தால் கிடைப்பது, மகள் மாதம் முழுக்க வகுப்பெடுத்தால் கிடைப்பதைவிட இருநூறு ரூபாய் அதிகம். வகுப்பறையில் மகள் செய்தது முழு ஆசிரியரின் வேலை. பிறகு அந்தக் கொடுப்பனவைப் பத்தாயிரமாக்கினார்கள். ஆசிரியர் சேவைக்குள் ஒழுங்காக நுழைய அவர்களுக்கு இருந்த வாசல் எது? கொட்டகலை போன்ற ஆசிரியர் கலாசாலையில் பயிற்சியை முடிப்பது. பயிற்சி தேவையில்லை என்ற உபதேசத்தின் ரூபாய்க் கணக்கு இதுதான். பயிற்சி பெறாதவர் கடைசிவரை உதவியாளர். உதவியாளருக்குச் சம்பளம் கிடையாது, கொடுப்பனவு உண்டு. கொடுப்பனவு போதவில்லை என்று வாய் திறந்தால், அர்ப்பணிப்பு எங்கே போனது என்று கேட்கக் கட்டுரையாளர் தயாராக இருக்கிறார். இந்த ஏற்பாட்டில் அர்ப்பணிப்பால் ஆதாயம் அடைவது பிள்ளையா, திறைசேரியா?

மேற்படிப்புப் படிப்பவர்கள் சம்பளப் படிக்காகவும் பதவி உயர்வுக்காகவும்தான் படிக்கிறார்கள், நோக்கம் தூய்மையில்லை என்று வேறு குத்திக்காட்டுகிறார். பலர் அதற்காகத்தான் படிக்கிறார்கள். படிக்கட்டும். வார இறுதியில் ஹட்டனுக்கு விரிவுரைக்குப் போய், திங்கட்கிழமை அதில் கேட்டதை மூன்றாம் வகுப்பில் செய்து பார்க்கும் ஆசிரியையின் உள்மனதை எட்டிப்பார்க்கக் கட்டுரையாளருக்கு யார் அதிகாரம் கொடுத்தது? பிள்ளை வாசிக்கப் பழகிவிட்டால் அந்தப் படியை அவர் சேலைக்குச் செலவழித்தால் என்ன, சீட்டுக்குக் கட்டினால் என்ன?

டிப்ளோமாவுக்குப் பதில் மூன்று நாள் செயலமர்வு போதும் என்ற கட்டுரையாளரின் யோசனையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பைல், பேனா, மதியச் சாப்பாட்டுப் பார்சல், கடைசி நாள் குழுப் படம். போய்வந்தவர்களுக்குத் தெரியும்.

மொழியைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை, நான் திறக்கிறேன். அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 1860களில் ஆங்கில மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார், பாடநூல்களையும் தமிழில் ஆக்கினார். ஒன்றரை நூற்றாண்டு கழித்து, பிரசவ அறையில் தன் நோவைத் தமிழில் சொல்லும் தோட்டத்துப் பெண்ணுக்கு, அது புரிகிற மருத்துவ மாது கிடைப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்த விஷயமாக இருக்கிறது. டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலைக்கு இந்தியா கட்டிடம் தந்தது. 2017இல் இந்தியப் பிரதமர் மோடி வந்து திறந்தார். கட்டிடத்துக்குள் நின்று நோயாளியின் பாஷையில் நோயைக் கேட்டறியும் தாதியை எந்த நாடும் கப்பலில் அனுப்பாது. இங்கேயே, தமிழ்ப் பிள்ளைகளைப் பிடித்து, வருடக்கணக்காகச் செலவழித்துப் பயிற்றத்தான் வேண்டும். அந்தச் செலவைத் தட்டிக்கழிக்க விரும்பும் ஓர் அதிகாரிக்கு, மனசு போதும் என்ற நம் கட்டுரையாளரின் தத்துவத்தைவிட வசதியான பரிசு வேறென்ன?

கட்டுரையின் கடைசிப் பத்தியில் அவர் ஒரு திட்டமும் வைத்திருக்கிறார்: வருடாவருடம் ஹட்டன் நகரில் விழா எடுத்து, பயிற்சியே இல்லாமல் பணியாற்றும் சேவையாளர்களைத் தேர்ந்து மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துவதாம். மண்டப வாடகை, ஒலிபெருக்கி, சிறப்பு விருந்தினரின் வாகனச் செலவு எல்லாவற்றையும் கூட்டி, அந்தத் தொகையைக் கொட்டகலைக்கும் பத்தனைக்கும் போய்ப் படிக்கிறவர்களுக்கு பஸ் காசாகக் கொடுத்துவிடட்டும். பொன்னாடை ஒன்று மிஞ்சினால் அவரே போர்த்திக்கொள்ளலாம். பட்டங்களுக்குப் பக்கத்தில் இடமிருக்கிறது.