கணக்கெடுப்போர் யாருக்காகக் கணக்கெடுக்கின்றனர்?

அனர்த்தம் ஒன்று நிகழ்ந்ததும் நிவாரணப் பொதிகளோடு படிவங்களும் வந்து சேர்வது இந்நாட்டு மக்களுக்குப் பழகிப்போன ஒன்றாகும். 2025 நவம்பர் இறுதியில் நாட்டைத் தாக்கிய 'டித்வா' சூறாவளியும் அதனையொட்டிய வெள்ளமும் மண்சரிவுகளும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டன. மலையகம் முதல் கிழக்குக் கரைவரை வீடு வாசல்களை இழந்தோர் ஏராளம். இவ்வாறான வேளைகளில் கிராம உத்தியோகத்தர் ஒரு விபரத்தைக் கேட்கின்றார். அடுத்த நாள் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனமொன்றின் ஊழியர் அதே விபரத்தை வேறொரு படிவத்தில் நிரப்பிச் செல்கின்றார். பின்னர் உள்ளூர் அமைப்பு, பள்ளிவாசல் நிர்வாகம், ஆலய பரிபாலன சபை, பல்கலைக்கழக ஆய்வாளர் என்று வரிசை நீள்கின்றது. இழப்பைச் சுமந்து நிற்கும் குடும்பம் ஒன்று தனது இழப்பை ஐந்தாறு தடவைகள் ஒப்புவிக்க வேண்டியுள்ளது.

இவ்வளவு விபரங்களும் எங்கே செல்கின்றன, அவற்றால் அந்தக் குடும்பத்துக்கு விளைந்த நன்மை யாது என்ற வினாவை நாம் இங்கு எழுப்ப விரும்புகின்றோம். அரச சார்பற்ற நிறுவனங்களிடம் தரவுகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அத்தரவுகள் பெரும்பாலும் நிதி வழங்குநரை நோக்கி மேலே செல்கின்றனவேயன்றி, யாரைப் பற்றித் திரட்டப்பட்டனவோ அந்த மக்களிடம் திரும்பி வருவதில்லை. நமது அனுபவத்தில் பல உதவித் திட்டங்கள் வழிதவறியமைக்கு இதுவே முக்கிய காரணம் என்பது எமது கருத்தாகும்.

தொண்டு நிறுவனங்களின் பணியைக் குறைத்து மதிப்பிடுவது எமது நோக்கமல்ல. வடக்கு கிழக்கில் போர் நிலவிய ஆண்டுகளில் அரச இயந்திரம் எட்டாத இடங்களில் உணவும் மருந்தும் கொண்டு சென்றவை அவையே. அத்துடன் மற்றொரு உண்மையையும் கவனிக்க வேண்டும். 1981ஆம் ஆண்டுக்குப் பின்னர் நாடு முழுவதையும் உள்ளடக்கிய குடிசன மதிப்பீடு 2012ஆம் ஆண்டிலேயே நடைபெற்றது. 2001ஆம் ஆண்டின் கணக்கெடுப்பு 18 மாவட்டங்களிலேயே முழுமையாக நிறைவேறியது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா, மட்டக்களப்பு, திருகோணமலை ஆகிய ஏழு மாவட்டங்களிலும் அது முழுமைபெறவில்லை. அதாவது, 31 ஆண்டுகளாக இம்மக்கள் எத்தனை பேர், எங்கே, எவ்வாறு வாழ்கின்றனர் என்பதற்கு அரசிடம் முழுமையான கணக்கு இருக்கவில்லை. அந்த இடைவெளியில் தொண்டு நிறுவனங்களின் பட்டியல்களே பலருக்கு வாழ்வாதாரத்தைத் தீர்மானிக்கும் ஆவணங்களாயின. அதனாலேயே அவற்றின் பொறுப்பும் பெரிதாகின்றது.

2004 டிசெம்பர் 26ஆம் திகதி கடற்கோள் அனர்த்தத்தை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 35,000 பேரைப் பறிகொடுத்த இந்நாட்டில் ஏறத்தாழ ஒரு இலட்சம் வீடுகள் அழிந்தும் சேதமடைந்தும் போயின. உலகம் அள்ளிக் கொடுத்தது. கடற்கோள் உதவிகளை ஆராய்ந்த சர்வதேச மதிப்பீட்டுக் கூட்டமைப்பு 2006இல் வெளியிட்ட அறிக்கை, பாதிக்கப்பட்ட நாடுகளில் ஆளொருவருக்குச் சராசரியாக 7,100 டொலருக்கும் அதிகமான நிதி கிடைத்ததாகக் கூறியது. அதே 2004ஆம் ஆண்டு பங்களாதேஷ் வெள்ளத்தில் பாதிக்கப்பட்ட ஒருவருக்குச் செலவிடப்பட்டதோ வெறும் 3 டொலராகும். பணம் தேவையைப் பின்தொடர்ந்து செல்லவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நிறுவனங்கள் தத்தமக்கென்று தனித்தனியே தேவை மதிப்பீடுகளை நடத்தின. ஒருவர் திரட்டியதை மற்றவரோடு பகிர்ந்துகொண்டது அரிது. விளைவு என்ன? சில கரையோரங்களில் தேவைக்கு அதிகமாகச் சிறு படகுகள் குவிவதாக ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனமே எச்சரிக்க நேர்ந்தது. படகு வழங்கிய ஒவ்வொரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையிலும் 'இத்தனை படகுகள் கையளிக்கப்பட்டன' என்ற எண்ணிக்கை வெற்றியாகவே பதிவாகும். அந்தப் படகு கடலுக்குச் சென்றதா, மீனவரின் வருமானம் மீண்டதா, கரையிலுள்ள மீன்வளம் அத்தனை படகுகளைத் தாங்குமா என்பவை அதே அறிக்கையில் இடம்பெறுவதில்லை. கொடுத்ததை எண்ணுவது இலகு. கொடுத்ததனால் நேர்ந்த மாற்றத்தை அறிவதற்கு ஓராண்டோ ஈராண்டோ கழித்துத் திரும்பிச் சென்று கேட்க வேண்டும். திட்டக் காலம் முடிந்ததும் அலுவலகத்தைப் பூட்டிச் செல்லும் நிறுவனத்தினால் அது இயலாது.

எண்ணிக்கையில் நேரும் தவறைக் காட்டிலும் ஆழமானது, கேள்வியில் நேரும் தவறாகும். கிழக்கிலங்கையில், விசேடமாக மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் கரையோரத்தில் வாழும் தமிழ், முஸ்லிம் மக்களிடையே வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாக எழுதப்படுவதும், திருமணத்தின் பின்னர் மணமகன் மனைவியின் வீட்டுக்குச் சென்று வாழ்வதும் வழிவழி வந்த வழக்கமாகும். வீடு பெண்ணின் உடைமை. ஆனால் கடற்கோளின் பின்னர் வந்த படிவங்கள் 'குடும்பத் தலைவர் யார்?' என்று கேட்டன. கணவனின் பெயர் எழுதப்பட்டது. புதிய வீட்டுக்கான உரிமையும் பல இடங்களில் அவரது பெயருக்கே சென்றது. தாய்வழியில் வந்த சொத்தொன்று, ஒரு படிவத்தின் ஒரு கூட்டினால் கைமாறிப் போயிற்று. கணவன் கைவிட்டுச் சென்றாலோ மணமுறிவு நேர்ந்தாலோ, தனது தாய் தந்த வீட்டுக்குப் பதிலாகக் கிடைத்த வீட்டிலேயே அப்பெண் உரிமையற்றவளாக நிற்கும் நிலை உருவானது. கிழக்கின் பெண்கள் அமைப்புகள் இதனை அப்போதே எடுத்துரைத்தன. படிவத்தைத் தயாரித்தோர் எவருக்கும் தீய எண்ணம் இருந்திருக்க வேண்டியதில்லை. கல்முனையிலோ காத்தான்குடியிலோ ஒரு தாயிடம் முன்கூட்டியே கேட்டிருந்தால் அந்தக் கூடு வேறுவிதமாக அச்சிடப்பட்டிருக்கும்.

வகைப்படுத்தலும் இவ்வாறே மனிதரை மறைத்துவிடும். போரின் இறுதிக்கட்ட இடப்பெயர்வின் பின்னர், 2008 ஏப்ரல் மாதத்தை எல்லையாகக் கொண்டு, இடம்பெயர்ந்தோர் 'பழையவர்', 'புதியவர்' என இரு வகையினராகப் பிரிக்கப்பட்டனர். மீள்குடியேற்ற உதவிகள் பெரும்பாலும் புதியவர்களை நோக்கியே சென்றன. வன்னியில் இருந்து அனைத்தையும் இழந்து வந்தோருக்கு முன்னுரிமை வழங்கியதில் நியாயம் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் காலத்தைக் கழித்த முஸ்லிம்கள், ஒரு திகதியின் மறுபுறத்தில் நின்ற காரணத்தினால், உதவியின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டனர். நீண்டகாலம் துன்பப்பட்டதே அவர்கள் பின்தள்ளப்படுவதற்குக் காரணமானது. இன்று மலையகத்தில் வீட்டுச் சேதம் பற்றிய படிவத்தில் 'உரிமையாளர் பெயர்' என்று கேட்கப்படுமானால், தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தமான லயன் அறையில் தலைமுறைகளாக வாழும் குடும்பம் அங்கே எதனை எழுதும்?

தரவு சரியாக இருந்தும் அதன் பொருள் பிழையாக விளங்கிக்கொள்ளப்படுவதும் உண்டு. போருக்குப் பின்னர் வடக்கு கிழக்கில் பரவிய நுண்கடன் திட்டங்கள் இதற்குத் தக்க உதாரணமாகும். கடன் பெற்ற பெண்களின் தொகை, தவணை தவறாது திருப்பிச் செலுத்தும் வீதம் ஆகிய இரண்டுமே வெற்றியின் அளவுகோல்களாயின. ஒரு நிறுவனத்தின் தவணையைக் கட்ட மற்றொன்றில் கடன்படுவதும், நகையை அடகு வைப்பதும், வீட்டில் ஒரு வேளை உணவைக் குறைப்பதும் அந்த வீதத்துக்குள் அடங்கியிருந்ததை அது காட்டவில்லை. அவரவர் பேரேட்டில் எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. ஒரே பெண் எத்தனை பேரேடுகளில் இருக்கின்றாள் என்பதை எவரும் சேர்த்துப் பார்க்கவில்லை. இறுதியில் 2018ஆம் ஆண்டு, வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை அரசாங்கமே அறிவிக்க வேண்டியதாயிற்று.

அவ்வாறாயின் தரவுகளைப் பயனுள்ள விதத்தில் கையாண்டோர் இல்லையா? உள்ளனர். இந்தியாவின் பிரதம் என்ற தொண்டு நிறுவனம் 2005ஆம் ஆண்டு முதல் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று பிள்ளைகளின் வாசிப்பையும் எண்ணறிவையும் சோதித்தது. பிள்ளைகள் பாடசாலையில் சேர்ந்திருக்கின்றனர் என்பதே அதுவரை வெற்றியாகக் கருதப்பட்டது. ஆனால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறத்தாழ அரைவாசிப் பேரால் இரண்டாம் வகுப்புப் பாடத்தையே வாசிக்க முடியவில்லை என்பது அச்சோதனைகளில் தெரியவந்தது. அறிக்கை எழுதுவதோடு அந்நிறுவனம் நின்றுவிடவில்லை. வயதையும் வகுப்பையும் பாராது, பிள்ளையின் வாசிப்பு நிலைக்கேற்பக் குழுக்களாகப் பிரித்துக் கற்பிக்கும் முறையை வளர்த்தெடுத்தது. பெற்றோரின் கண்முன்னேயே பிள்ளையைச் சோதித்தமையால் அத்தரவு பெற்றோருக்கும் உரியதாயிற்று.

ராஜஸ்தானில் 1994ஆம் ஆண்டு மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற மக்கள் அமைப்பு செய்தது இதனிலும் எளிமையானது. அரச வேலைத்திட்டங்களின் வரவுப் பதிவேடுகளையும் பற்றுச்சீட்டுகளையும் ஊர்மக்கள் முன்னிலையில் உரத்து வாசித்தது. வேலைக்கு வராதோர் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்ததும், கட்டப்படாத கட்டடத்துக்குப் பணம் பெறப்பட்டதும் அங்கேயே வெளிச்சத்துக்கு வந்தன. எழுத்தறியாத மக்களே தரவின் தராதரத்தைப் பரிசோதித்தனர். 2005இல் இந்தியாவில் நிறைவேறிய தகவல் அறியும் சட்டத்துக்கு வழிவகுத்த போராட்டங்களில் இது முதன்மையானது.

நமது நாடும் இவ்விடயத்தில் வெறுங்கையுடன் நிற்கவில்லை. கடற்கோளின் பின்னர் சில வாரங்களுக்குள் இலங்கைக் கணனி வல்லுநர்கள் தொண்டு அடிப்படையில் உருவாக்கிய 'சஹானா' என்ற மென்பொருள், காணாமற்போனோர், முகாம்கள், தேவைகள், உதவும் நிறுவனங்கள் ஆகிய விபரங்களை ஒரே இடத்தில் சேர்த்துப் பார்க்க உதவியது. பின்னர் அது பாகிஸ்தான் நிலநடுக்கம் முதல் ஹெய்ட்டி நிலநடுக்கம் வரை பயன்பட்டது. எனவே குறைபாடு தொழில்நுட்பத்தில் இல்லை. தான் திரட்டியதைத் தனது சொத்தாகக் கருதும் மனப்பாங்கிலேயே அது இருக்கின்றது.

அதேவேளை, தகவலைப் பகிர வேண்டும் என்று கூறும்போது எவரிடம், எவ்வளவு என்ற எச்சரிக்கையும் அவசியமாகும். 1983 ஜூலையில் வன்முறைக் கும்பல்கள் வாக்காளர் இடாப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு தமிழரின் வீடுகளைத் தேடிச் சென்றதை இச்சமூகம் மறந்துவிடவில்லை. 2010ஆம் ஆண்டில் அரச சார்பற்ற நிறுவனங்களுக்கான செயலகம் பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டதையும், 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னர் முஸ்லிம் அறப்பணி அமைப்புகள் சந்தேகக் கண்கொண்டு நோக்கப்பட்டதையும் மக்கள் அறிவர். கணவனை இழந்தோர், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர், தடுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டோர் ஆகியோரின் விபரங்கள் தவறான கரங்களில் சேர்ந்தால் அது உதவியாக அமையாது. ஊரிலே எத்தனை குடும்பங்களுக்கு என்ன தேவை என்ற தொகைக் கணக்கைத் தாராளமாகப் பகிரலாம். பெயரும் முகவரியும் தனிப்பட்ட துயரும் அவ்வாறு பகிரத்தக்கவை அல்ல. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படை நோக்கமும் இதுவேயாகும்.

நாம் முன்வைக்கும் யோசனைகள் செலவு மிக்கவை அல்ல. முதலாவதாக, பிரதேச செயலாளர் பிரிவு மட்டத்தில் அனர்த்த காலத்துக்கான பொதுப் படிவமொன்றை நிறுவனங்கள் ஒன்றுகூடி முன்கூட்டியே தயாரிக்க வேண்டும். அது அப்பகுதி மக்களின் மொழியிலேயே எழுதப்பட்டு, பெண்கள் உட்பட அவ்வூரவரிடம் காட்டித் திருத்தப்படல் வேண்டும். இரண்டாவதாக, எந்தத் தீர்மானத்துக்கு உதவும் என்று கூற முடியாத கேள்வியைக் கேட்பதைக் கைவிட வேண்டும். மூன்றாவதாக, திட்டம் முடிவடைந்து ஓராண்டின் பின்னர் திரும்பிச் சென்று பார்ப்பதற்கான நிதியை ஆரம்பத்திலேயே ஒதுக்க வேண்டும். இது நிதி வழங்குநரின் கடமையுமாகும். வெற்றிக் கதைகளை மட்டுமே கேட்கும் கொடையாளிக்கு வெற்றிக் கதைகள் மட்டுமே கிடைக்கும். நான்காவதாக, பயனாளிகள் தெரிவும் செலவு விபரமும் பாடசாலை மண்டபத்திலோ பொதுநோக்கு மண்டபத்திலோ ஊர்மக்கள் முன் வாசிக்கப்படல் வேண்டும். தனிமனித கௌரவத்தைப் பாதிக்கும் விபரங்களை அங்கே தவிர்த்துக்கொள்ளலாம்.

இறுதியாகக் கூறியதைச் சலுகையாக எவரும் கருத வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், அரசினாலோ வெளிநாட்டு அரசுகளினாலோ சர்வதேச நிறுவனங்களினாலோ கணிசமான நிதியைப் பெற்றுப் பொதுமக்களுக்குச் சேவையாற்றும் அரச சார்பற்ற நிறுவனங்களையும் உள்ளடக்குகின்றது. அச்சேவை பற்றிக் கேட்கும் உரிமை மக்களுக்கு இருக்கின்றது. அதனைப் பயன்படுத்துவோர் தொகை பெருக வேண்டும்.

ஸகாத் நிதியங்கள், ஆலய அறக்கட்டளைகள், புலம்பெயர்ந்தோரின் ஊர்ச் சங்கங்கள் ஆகியவற்றுக்கும் இவை பொருந்தும். 2025ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சர்வதேச அபிவிருத்தி முகவரகம் மூடப்பட்டது. வெளிநாட்டு உதவி சுருங்கிவரும் இக்காலத்தில் இவ்வமைப்புகளின் தோள்களில் சுமை கூடுகின்றது. ஒரே குடும்பத்துக்கு மூன்று தையல் இயந்திரங்களும் அயல் வீட்டுக்கு எதுவுமின்மையும் என்ற நிலையை நமது சொந்தப் பணத்திலேயே நாம் உருவாக்கிவிடக் கூடாது.

தமது வீட்டு வாசலில் படிவத்துடன் நிற்பவரிடம் 'சென்ற முறை கேட்டீர்களே, அதற்கு என்ன நடந்தது?' என்று கேட்கும் உரிமை எமது மக்களுக்கு உண்டு. அதற்கான பதிலை நிறுவனங்கள் தமது அடுத்த படிவத்தை அச்சிடுவதற்கு முன்னரே தேடிக்கொள்ள வேண்டும்.