ஒரு தாள், ஐந்து கைகள்



என் தமக்கையின் மகன் நம் கொல்கத்தா நகரில் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயின்று வருகிறான். வாசம் எங்கள் இல்லத்திலேயே. சென்ற மாதம் ஒரு மாலை, நான் காரியாலயத்திலிருந்து திரும்பி, லேக் மார்க்கெட்டில் வாங்கிய வாழையிலைக் கட்டைக் கீழே வைக்குமுன்னரே, "மாமா, மனிதர்களை நம்பவே கூடாது" என்றான். பத்தொன்பது வயதில் இந்த வைராக்கியம் பிறந்த காரணம் யாதென்று விசாரித்தேன்.

அவனும் நான்கு வங்காள மாணவர்களும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. இந்நாளில் அதற்காக ஒருவர் வீட்டில் கூட வேண்டியதில்லை. இணையத்தில் ஒரே தாளைத் திறந்துகொண்டு, பெஹாலாவிலிருந்து ஒருவரும் டம்டமிலிருந்து ஒருவருமாக ஏககாலத்தில் எழுதலாம். 2006-ஆம் ஆண்டில் கூகிள் நிறுவனம் ரைட்லி என்னும் கருவியை விலைக்கு வாங்கியபின் இவ்வகைத் தாள் உலகெங்கும் பரவிற்று. நம் பிள்ளை மூன்று வாரம் அத்தாளைத் திறந்தே பார்க்கவில்லை. கடைசி இரவு விடியுமட்டும் கண்விழித்துப் பதினான்கு பக்கம் தானே எழுதி முடித்தான். அத்துடன் நில்லாமல், குழுவில் ஒரு பெண் ஒரு வரியும் எழுதவில்லையென்று, எல்லோரும் காணும்படி வாட்ஸ்அப்பில் குற்றமும் சாட்டிவிட்டான்.

அப்பெண் வாதாடவில்லை. அந்தத் தாளின் பழைய பிரதிகளைத் திறந்து ஆசிரியரிடம் காட்டினாள். யார், எந்த நாள், எத்தனை மணிக்கு, எதை எழுதினார், எதை அழித்தார் என்பதெல்லாம் அங்கே பதிவாகியிருந்தது. முதல் வாரத்திலேயே அவள் நான்கு பக்கம் எழுதி வைத்திருக்கிறாள். யாரோ போட்ட வெறுங்குறிப்பென்று எண்ணி, இரவு ஒன்றரை மணிக்கு அவற்றை அழித்தவன் நம் பிள்ளையே!

"ஆசிரியர் என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"ஒன்றும் சொல்லவில்லை மாமா. படித்துப் பார் என்று மட்டும் சொன்னார். நம்பக் கூடாத மனிதர்களில் நான்தான் முதல்வன்" என்றான். குரல் தழுதழுத்தது.

அவனைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் எழவில்லை. ரயில்வே குமாஸ்தாவாகிய நானும் அவ்விதமே அகப்பட்டவன். காகிதக் கோப்பு இருந்த காலத்தில் அது எந்த மேஜையில் உறங்குகிறதென்று கண்டுபிடிப்பது எளிதன்று. இப்பொழுது இ-ஆபீஸ் வந்துவிட்டது. அதில் குறிப்பை முதலில் மஞ்சள் தாளில் எழுதுகிறோம். அதுவரை திருத்தலாம், கிழித்தும் போடலாம். பச்சைத் தாளில் ஏறி மேலே சென்றுவிட்டால் அழிக்க இயலாது. ஒருமுறை, ஒரு கோப்பு அடுத்த பிரிவில் தங்கிவிட்டதென்று நான் உறுதியாகச் சாதித்தேன். ஒன்பது நாட்களாக அது என் கணக்கிலேயே கிடந்ததைக் கணினி காட்டிற்று.

ஆகவே இக்கருவிகள் கூடி உழைக்கும் குணத்தை நமக்குத் தந்துவிடுவதில்லை. நம்மிடம் உள்ள பழக்கத்தை ஒளிவுமறைவின்றிக் காட்டுகின்றன, அவ்வளவே. பழக்கம் நன்றாயின் கருவி எளியதாயினும் காரியம் கைகூடும். இதற்குச் சான்று, நம்மைப்போல் ஊர்விட்டு ஊர் வந்த தமிழரே. 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கிற்று. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரம் அதனை முன்னின்று நடத்தினார். பல நாடுகளில் சிதறியிருந்த அன்பர்கள், ஊதியம் கருதாமல், ஒருவர் தட்டெழுத மற்றொருவர் பிழை திருத்த, பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றினர். இன்றைய கூட்டுத்தாள் அன்று இல்லை. மின்னஞ்சலும், ஒப்புக்கொண்டதை முடித்துக்கொடுக்கும் பழக்கமுமே அவர்களுடைய மூலதனம்.

இன்று விக்கிமூலம் என்னும் தளத்தில் யாரும் இத்தொண்டில் சேரலாம். இடப்பக்கம் எழுத்து, வலப்பக்கம் பழைய நூலின் படம். ஒருவர் ஒப்பிட்டுத் திருத்தினால் அப்பக்கம் மஞ்சளாகும். வேறொருவர் மீண்டும் சரிபார்த்த பின்னரே பச்சையாகும். தானே திருத்தித் தானே பச்சையாக்க வழியில்லை. எவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு!

இப்பொழுது ஞாயிறுதோறும் அரைமணி நேரம் மருமகனும், என் ஒன்பது வயது மகளும், நானும் அதில் அமர்கிறோம். பள்ளியில் வங்காளமும் ஆங்கிலமும் படிக்கும் குழந்தைக்குத் தமிழ் வீட்டுப் பேச்சோடு நின்றுவிடுகிறது; எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுகிறாள். நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றிலும் இக்கவலை உண்டென்பதை அறிவேன். முதல் பக்கத்துக்கு நாற்பது நிமிடம் பிடித்தது. 'ர' வரவேண்டிய இடத்தில் கால் வந்திருந்ததை அவளே கண்டுபிடித்தாள். பழைய அச்சில் 'லை', 'னை' முதலிய எழுத்துக்கள் துதிக்கையோடு நிற்பதைக் கண்டு, "அப்பா, யானை எழுத்து!" என்று கைகொட்டினாள். 1978-இல் தமிழக அரசு கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய உருவம் அது என்று விளக்கினேன். அதற்குள் அவள் அடுத்த யானையைத் தேடப் போய்விட்டாள்.

மருமகன் தன் நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் மூன்று வரி எழுதி வைத்திருக்கிறான். தினமும் சிறிதாவது எழுது. பிறர் எழுதியதை அழிக்குமுன் அவரைக் கேள். குறைகூறுமுன் பழைய பிரதியைப் பார். இவற்றுள் இரண்டாவது வரியை நம் சங்கக் கூட்டங்களுக்கும், ஏன், நம் இல்லங்களுக்கும் எடுத்துக்கொண்டால் நன்மையுண்டு.

குற்றம் சாட்டிய அதே வாட்ஸ்அப் குழுவிலேயே, எல்லோரும் காண, அப்பெண்ணிடம் வங்காள மொழியில் மன்னிப்புக் கேட்டான். அதில் இரண்டு பிழை இருந்ததாம். அவள் அவற்றைத் திருத்தி அனுப்பிவிட்டு, "அடுத்த முறை முதல் வாரமே தாளைத் திற" என்று பதில் எழுதினாள். அடுத்த கட்டுரைக்கும் அவர்கள் ஐவரும் ஒரே குழு. இம்முறை முதல் வாரத்திலேயே தாள் திறந்திருக்கிறது. நேற்றிரவு நானே பார்த்தேன்.