கேளாமல் எடுக்கும் காசு

தோழர்களே! ஆலைத் தொழிலாளியின் கூலியில், அவனைக் கேளாமல் பத்து ரூபாய் பிடித்தால் சும்மா இருப்போமா? சங்கம் கூடும்; வாயிற்கூட்டம் நடக்கும். 1936 ஜூலை 30-இல் புதுவை சவானா ஆலைப் போராட்டத்தில் பன்னிருவர் குண்டடிபட்டு மாண்டது உழைப்பவனின் உரிமைக்காக அல்லவா? அதே புதுவையில், சாரத்துத் தொழிலாளியின் கைப்பேசிக் கணக்கில் பாட்டு என்றும், ராசிபலன் என்றும், கிரிக்கெட் செய்தி என்றும் காசு கழிந்தால் மட்டும், "போனால் போகிறது" என்பதா?

தொகை சிறிது, அதனால்தான் தந்திரம் பலிக்கிறது. பத்து ரூபாய்க்காக எவன் ஒருநாள் கூலியை இழந்து அலைவான்? ஒருவனிடம் 10 ரூபாய். ஒரு கோடிப் பேரிடம் 10 கோடி! அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே ஏடி அண்டு டி கம்பெனி, இத்தகைய குற்றச்சாட்டில் 10 கோடியே 50 இலட்சம் டாலர் கொடுக்க 2014-இல் இணங்கியது.

இங்கே விதி இல்லையா? உண்டு. சந்தாதாரர் இருமுறை சம்மதம் சொன்ன பிறகே கூடுதல் சேவையைத் தொடங்கலாம் என்று 2013 ஜூலை 10-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் கட்டளையிட்டது. நிறுத்துவதற்கு 155223 என்ற கட்டணமில்லா எண்ணும் உண்டு. ஆனால், புரியாத ஆங்கிலத்தில் கேட்டு, விரல் பட்டதைச் சம்மதம் என்று கணக்கெழுதினால், அது சம்மதமாகுமா?

வழக்காடவும் வழி அடைபட்டிருந்தது. டெலிபோன் பில் தகராறு நுகர்வோர் மன்றத்துக்கு உரியதன்று, 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டப்படி நடுவரிடம் போக வேண்டும் என்று 2009-இல் உச்சநீதிமன்றம் கூறியது. மாதம் சராசரி 555 ரூபாய் கட்டிவந்த அகமதாபாத்துக்காரர் ஒருவர், தமக்கு 24,609 ரூபாய் பில் போட்டதாக வழக்குத் தொடுத்தார். அதில் வோடபோன் ஐடியாவின் ஆட்சேபத்தைத் தள்ளி, நுகர்வோர் மன்றம் விசாரிக்கலாம் என்று 2022 பிப்ரவரி 16-இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடைத்த கதவு திறந்தது!

திறந்த கதவுக்குள் நுழைய வேண்டியவர் நாம். படிப்பகத்தில் கூடும் தோழர்கள், எழுத்தறியாத பெரியவர்களின் கைப்பேசிச் செய்திகளைப் படித்துச் சொல்லுங்கள். 198-இல் புகார் செய்து, புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். பணம் திரும்பாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. சேவைக்குக் கொடுத்த தொகை 5 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் மனுக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே தீரவேண்டும் என்பதும் இல்லை. தனியாள் கேட்டால் தட்டிக் கழிப்பார்கள். தெருவே திரண்டு கேட்டால் கணக்குச் சொல்லியே ஆகவேண்டும்!